நிற்காத குக்கர்

"மூணு பேர்னு எழுது கண்ணு," என்றார் லஸ்மினி அம்மா.

வீட்டில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான். அவரும், வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த கணவர் சுகிமானும். மகன் ஹர்யாதி இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டு வெளியேறியது ஊருக்கே தெரியும்.

"தினம் ராத்திரி வந்து சாப்பிட்டுட்டுப் போறான். அப்பா மூஞ்சில முழிக்கத்தான் வெக்கம். காலைல குக்கரைத் திறந்தா ஒரு தட்டு சோறு குறைஞ்சிருக்கும்."

எங்கள் ஆய்வின் விதிப்படி ஒரே அடுப்புச் சோறு தின்பவர்தான் குடும்ப உறுப்பினர்.

ஜாவா இவ்வளவு வேகமாக வளர்கிறதே, மின்சாரமெல்லாம் எந்த வீட்டுக்குள் போகிறது என்று எங்கள் பேராசிரியருக்குத் தெரிய வேண்டும். அதற்காக நான் இந்தக் கடலோர ஊர்களில் சோறு வடிக்கும் மின்சாரக் குக்கர் ஒவ்வொன்றிலும் மீட்டர் மாட்டிக்கொண்டு அலைகிறேன். நானூறு வீடுகளில், சோறு ஆறாமலிருக்க இரண்டு வருடமாக அணைக்கவே அணைக்காத குக்கர் இந்த வீட்டில் மட்டும்தான் இருந்தது.

பத்து நாள் பதிவை மடிக்கணினியில் இறக்கினேன்.

மூடியைத் திறந்தால் சூடு குறையும். குக்கர் கூடுதலாக மின்சாரம் இழுக்கும், திரையில் கோடு எழும்பும். தினமும் இரவு இரண்டு மணிக்கு எழும்பியிருந்தது.

லஸ்மினி அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க மட்டும் ஏன் எழும்பல?"

செவ்வாய் இரவு.

வாசலில் வலை ஊசியும் நின்றுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர்க்காவல் ரோந்து சுகிமானுடைய முறை. விடிய விடிய அவர் மூங்கில் மணியைத் தட்டிக்கொண்டு சுற்றியது நான் தங்கியிருந்த வீடுவரை கேட்டது. அன்றைக்கு மட்டும் அவர் வீட்டில் இல்லை. அன்றைக்கு மட்டும் மகனும் வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் துரத்திய கல்நெஞ்சன் என்று ஊர் பேசுகிற மனிதர், மனைவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

நான்கு வருட வேலையில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"அன்னிக்கு கரண்ட் போயிடுச்சும்மா. மீட்டர் பதியல," என்றேன்.

"அதானே பார்த்தேன்," என்று அவர் அடுப்படிக்குப் போனார். வலை ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது.

கிளம்பும்போது லஸ்மினி அம்மா தெருமுனைவரை கூடவே வந்தார். வறுத்த சோயாக் கட்டியான தெம்பேப் பொட்டலத்தை என் பையில் திணித்தார்.

"செவ்வாக்கிழமை கரண்ட் போகல. அவரைக் காட்டிக் குடுக்காம சொன்ன பாரு, நீ நல்லா இருப்ப."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பிள்ளை போனதுலேர்ந்து அந்த மனுஷன் ரெண்டு வாயோட தட்டைத் தள்ளிடுவாரு. ஆள் பாதியாயிட்டாரு. பிள்ளைக்கு வச்ச சோறு அப்படியே கெடக்கேன்னு ஒரு நாள் நான் அழுதேன். மறுநாளே ஒரு தட்டு குறைஞ்சுது. எழுந்து பார்த்தா, இருட்டுல குந்திக்கிட்டு முழுசா சாப்பிடறாரு. அவன்தான் வந்தான்னு நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கேன். அந்த ஒரு தட்டுதான் அவரை நிறுத்தி வச்சிருக்கு. ரோந்து அன்னிக்குப் பட்டினி கெடந்திருக்காரே, காலைல நான் கவனிக்கலையேன்னு பதறி, வாய் தவறிக் கேட்டுட்டேன்."

"அப்ப ஹர்யாதி?"

"கடல் தாண்டி கலிமந்தான்ல, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல இருக்கான். வெள்ளிக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்ணுவான். அப்பாகிட்ட குடுக்கவான்னா வச்சிடுவான்." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எடுத்ததும் மொதல்ல அப்பா சாப்பிட்டாரான்னுதான் கேப்பான்."