சூடான ரேடியேட்டரின் மூடி

நெவில் ஒரு கைக்குட்டையைப் போட்டு சூடான ரேடியேட்டரின் மூடியைப் பிடித்ததுமே, பழைய கார் சங்கத்தார் பத்தொன்பது பேரும் பத்தடி பின்வாங்கினார்கள்.

அடிலெய்டு மலை உச்சியில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி. ஓணான்கள் நிழலுக்கு வரிசையில் நின்றன.

அந்தச் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் கொதித்தால் ஊற்ற, முன் பம்பரில் கித்தான் தண்ணீர்ப் பை தொங்காமல் எந்த வண்டியும் மலை ஏறக்கூடாது. நெவில் தன் பையைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தார்.

அவருடைய நாற்பத்தெட்டாம் வருடத்துக் காரில் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றியிருந்தது தண்ணீரே கலக்காத கூலன்ட். நூற்றெண்பது டிகிரி வரை கொதிக்காது. கொதிக்காததால் அழுத்தம் ஏறாது, மூடியைச் சூட்டிலேயே திறக்கலாம். இதை அவர் மூன்று மாதமாக, சவ ஊர்வலத்தில்கூட, சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பந்தயமாகிவிட்டது. பீறிட்டால், கிறிஸ்துமஸ் விருந்து முடியும்வரை நெவில் கழுத்தில் தண்ணீர்ப் பையோடு உட்கார வேண்டும். பீறிடாவிட்டால், தலைவர் கிளாரி தன் அப்பா காலத்துப் பையை அவிழ்த்துவிட வேண்டும்.

ஏறும்போது கடைசி வளைவில் வெப்பமானி முள் இறங்கியே வந்ததாம். நெவில் அதையும் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

“யோவ், புருவத்தை மொதல்ல கழட்டி உம் பொண்டாட்டி டோரீன்கிட்ட குடுத்துடு, அப்புறமாத் தொற,” என்றார் கிளாரி, ஒரு யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து.

நெவில் திருகினார்.

ஒரு சீறல் இல்லை. ஆவி இல்லை. சொட்டு இல்லை.

மலையே கைதட்டியது. கிளாரி போய்ப் பையை அவிழ்த்தார். இருவர் அந்தக் கூலன்டின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.

நெவில் திறந்ததைவிட வேகமாக மூடியைப் போட்டார். போட்டோவுக்குக் கூட நிற்கவில்லை. ஏறி உட்கார்ந்து கைப்பிரேக்கை விடுவித்தார். கார் சத்தமில்லாமல் இறக்கத்தில் உருண்டது. பெட்ரோலை வீணாக்காத மேதை என்று பின்னால் யாரோ வியந்தார்கள்.

முதல் வளைவு தாண்டியதும் மனைவி டோரீன் கேட்டாள், ஏன் எஞ்சினைப் போடவில்லை என்று.

“உள்ள ஒண்ணுமே இல்ல டோரீன். அடி ஹோஸ் கிழிஞ்சு, வர்ற வழியிலேயே எல்லாம் ஒழுகிப்போச்சு. அந்த முள்ளு பாவம், எதத்தான் அளக்கும்?”

டோரீன் கண்ணாடியில் பார்த்தாள். பத்தொன்பது வண்டிகள், வெற்றி ஹாரன் அடித்தபடி, பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

எல்லாரும் அடுத்துச் சாப்பிடப் போகும் விடுதி மலையடிவாரத்தில் இல்லை; அதைத் தாண்டி, சின்னதாக ஒரு மேட்டின் மேல் இருந்தது.

யோசிக்க நெவிலுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இறக்கம் இருந்தது.