புகாரில் ஒரு பெயர்

மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பூரணத்தின் சுற்றத்தாரிடையே எவரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: நம் சனத்து மருத்துவர் தவறு செய்தால், அவர் பெயர் அந்நியர் காதில் விழக் கூடாது.

அதனால்தான் மருத்துவர்கள் மீதான புகார் அலுவலகத்தில் பூரணம் படிவத்தில் மருத்துவர் பெயரை எழுதாமல் விட்டிருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரத்தப் பரிசோதனை ஹெபடைடிஸ் சி என்று காட்டியிருந்தது. மருத்துவரோ அறிக்கையை முழுவதும் படிக்காமலேயே, ஈரலில் கொழுப்பு என்று கூறிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். இப்போது ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது.

“டாக்டர் பேரு என்ன ஆன்டி?” என்று கேட்டாள் அலுவலர் ரசியா.

“மறந்துபோச்சும்மா.”

“பொய் சொல்லாதீங்கம்மா,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன்.

“பேரைச் சொன்னா அந்தப் பிள்ளையோட லைசென்ஸ் போயிரும்டா. எனக்குத்தான் மருந்து இருக்கே, சாப்பிட்டுட்டுப் போறேன்.”

“உங்களுக்கு இருக்கு. இன்னும் எத்தனை பேர் ரிப்போர்ட்ட அவன் இப்படிப் படிக்காம விட்டானோ?”

பூரணம் மகனின் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

“வேணாம் ராசா. வீட்டுக்குப் போவோம்லா.”

“பேரு இல்லாம ஃபைல் திறக்க முடியாது ஆன்டி,” என்றாள் ரசியா.

மகன் தாயின் கையை மெல்ல விலக்கி, தன் ஐசி அடையாள அட்டையை மேசைமேல் வைத்தான்.

“அம்மா ஐசி போதும் அண்ணே. உங்களது எதுக்கு?” என்றாள் ரசியா.

“டாக்டரோட ஐசி வேணும்ல?” என்றான் அவன், வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி. “எழுதுங்க. டாக்டர் ஜெயந்திரன். நான்தான்.”