பிழை விடுகிற அப்பா

"இங்கிலிசில ரன் எண்டால் ஓடுறது. வேற ஒண்டுமில்லை," என்றார் வின்சன், கிழிந்த வலையைப் பொத்தியபடியே.

"இல்லையப்பா. கடையை நடத்துறதும் ரன். மூக்கு ஒழுகிறதும் ரன்," என்றாள் மகள் யதுசா.

"தேர்தலில நிக்கிறது?"

"அதுவும் ரன்தான்."

"நாங்கள் நிக்கிறம், வெள்ளைக்காரன் ஓடுறானோ? விசர்க்கதை பிள்ளை."

"இஞ்சேருங்கோ... அவள் சொல்லுறது... சரி," என்றாள் கதிரையில் சாய்ந்திருந்த அற்புதம்.

வின்சனின் கையிலிருந்து வலை நழுவியது. நாயாற்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆங்கிலம் படிப்பித்த அவர் மனைவி, பாரிசவாதம் வந்து பேச்சு நின்றபின் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பிழையைக் கேட்டால் அவளால் திருத்தாமல் இருக்க முடியாது என்று நம்பித்தான் அப்பாவும் மகளும் தினமும் இப்படிச் சண்டை பிடித்தார்கள்.

வின்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப செற் எண்டால்? பல்லுச் செற் மட்டும்தானே?"