சந்து வழி

பேக்கரி முனையில் மகள் நேர்த் தெருவிலேயே நடக்கப் போனாள். மனைவி அவள் தோளைப் பிடித்துச் சந்துக்குள் திருப்பினாள்.

“இப்படிப் போலாம்டி. காத்து நல்லா வருது.”

சந்தில் வந்தது காற்று இல்லை. கடைகளின் பின்வாசல் குப்பைத்தொட்டி வாடை.

கணவன் பின்னால் நடந்தான்.

நகரத்தின் நடுவே வீடு வாங்கியபோதே காரை விற்றுவிட்டார்கள். பள்ளி, நூலகம், பல் டாக்டர், பூங்கா எல்லாமே நடை தூரம். சாயங்காலம் மூவரும் கிளம்பினால் பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, ஊர்வலம் புறப்பட்டாச்சா என்று கேலி செய்வார். அலுவலகத்தில் எல்லாரும் டிராஃபிக்கைத் திட்டித் தீர்க்கும்போது அவன் சும்மா கேட்டுக்கொண்டிருப்பான். உனக்கென்னப்பா, கொடுத்துவைத்தவன் என்று யாராவது முடிப்பார்கள். அதற்காகத்தான் காத்திருப்பான்.

வீட்டில் படுக்கையறை இரண்டுதான். மகள் வளர்ந்தாள். ஓர் அறை குறைந்தது.

அதுவரை கூடவே இருந்த அவனுடைய அப்பாவுக்குப் பார்த்த முதியோர் இல்லமும் நடை தூரத்திலேயே கிடைத்தது. நேர்த் தெருவில், பூங்காவுக்குப் போகும் வழியில். அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பெட்டி கட்டிய அன்று அவர் தன் சட்டைகளைத் தானே மடித்து வைத்தார். தினமும் வருவோம், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே என்று இவன்தான் விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

தினமும்தான் போனார்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள்.

பிறகு தெருவில் நின்றபடியே கையசைத்தார்கள். பேக்கரி முனைவரை தெரிகிற மாடி ஜன்னலோரம் அப்பா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் அசைத்த கையை இறக்கவே இல்லை. மகள் நடுத்தெருவில் நகர மாட்டேன் என்று அழுதாள். பூங்காவுக்குப் போகாமல் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் மனைவிதான் இந்தச் சந்து வழியைக் கண்டுபிடித்தாள். கொஞ்சம் சுற்று. இல்லத்தின் பின்பக்கம் அந்தச் சந்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே சமையலறையும் துணி துவைக்கிற இடமும் மட்டுமே என்று இருவரும் நம்பினார்கள். போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளவில்லை.

ஊஞ்சல், ஐஸ்கிரீம், கைகோத்த நடை எல்லாம் திரும்பி வந்தன. இன்னொரு முறை இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்று இல்லத்தின் பின்கதவு திறந்தது. ஆயா குப்பை வாளியோடு வெளியே வந்தாள். பார்க்காததுபோல் கடந்துபோகச் சந்தில் அகலம் போதாது.

அவள் முகமெல்லாம் சிரித்தாள். பெரியவர் பண்ணும் அழிச்சாட்டியத்தை யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவள்போல் ஆரம்பித்தாள்.

“முன்பக்கம் எவ்வளவு நல்ல ரூம் தெரியுமா? வேணாம்னு அடம்பிடிச்சு இந்தப் பக்கம் வந்துட்டாரு. ஏங்க பெரியவரேன்னு கேட்டா, ரூட் மாறிடுச்சும்மா, நாமதான் இடம் மாறி நிக்கணும்ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

எப்போது மாறினார் என்று கணவன் கேட்டான்.

போன மாதமே என்றாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஆயா ஈரக் கையால் மாடியைக் காட்டினாள். வரிசையில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். அதில் அசையாமல் ஒரு தலை.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள்.

கணவன் மெல்லத் தலையை உயர்த்தினான்.

மேலே அந்தத் தலை விலகியது. விளக்கு அணைந்தது.