யம்னா எழுதிய டச்சுத் தேர்வு

ராட்டர்டாமில் முப்பது வருடம் இருந்தும் யம்னாவுக்கு டச்சு மொழி வரவில்லை. மருத்துவமனை, வங்கி என்று எங்கே போனாலும் மகள் இல்ஹாம்தான் பேசுவாள். அறுபது வயதில் யம்னா நூலகத்திலிருந்து பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து தானாகவே படித்தாள். இரண்டே வருடத்தில் இடைநிலைத் தேர்வும் எழுதிவிட்டாள்.

“இன்னும் மீன்கடையில விரலை நீட்டித்தானே வாங்குற?” என்று இல்ஹாம் சீண்டினாள்.

“பேச வெட்கமா இருக்குடி. ரிசல்ட் வரட்டும், பேசுறேன்.”

அந்த வாரமே யம்னாவின் வயிற்று வலிக்கு மருத்துவரிடம் போனார்கள். அவர் ஸ்கேன் படத்தைக் காட்டித் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார்.

“என்ன சொல்றாரு? வேகமா பேசுறாரே, ஒண்ணும் புரியல.”

அம்மாவுக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று அவர் சொன்னதை இல்ஹாம் சொல்லவில்லை. “குடல்ல புண்ணாம்மா. மருந்துல ஆறிடுமாம்.”

“அவ்வளவுதானா?” யம்னா மருத்துவருக்கு நன்றி சொன்னாள்.

பத்து நாளில் தேர்வு முடிவு வந்தது.

“ஃபெயிலு,” என்றாள் யம்னா.

“விடும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.”

“ஆமா, அடுத்த வருஷம்.”

மூன்றாம் மாதம் யம்னாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காப்பீட்டு அட்டை எடுக்க அவளுடைய அலமாரியைத் திறந்த இல்ஹாம், தேர்வு முடிவுக் கடிதத்தைப் பார்த்தாள். நான்கு பிரிவிலும் தேர்ச்சி. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் அதிக மதிப்பெண்.

கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் வந்து பேசி முடித்தார்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டாள் யம்னா.

“புண்ணு ஆறிக்கிட்டு வருதாம்மா.”

யம்னா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொன்னாத்தான் எனக்குப் புரியுது.”