கேளையாட்டுக்கு ஒரு நிரை

காலையில் வந்து பார்த்தால், மறைவுக்கென்று நான் வளரவிட்டிருந்த தேயிலைச் செடிகளெல்லாம் இடுப்பு உயரத்தில் மட்டமாக வெட்டுப்பட்டு நின்றன. நிரைக்கு நிரை நடைவழி வேறு திறந்திருந்தது.



பத்து மணிக்கு உயிரியல் பூங்கா திறப்பு. கேளையாட்டுக்கான இந்த அடைப்பை வரைந்து கொடுத்தவள் நான். தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடியதும், கிள்ள ஆளில்லாமல் மண்டிய சரிவு அது. உள்ளே ஒரே ஒரு கேளையாடு, ஆட்டு அளவே இருக்கும் சின்ன மான். மனுஷ வாடையே படாமல் புதருக்குள் நிம்மதியாக இருக்கட்டும் என்று, தீனி வைப்பவர்களுக்குக்கூடப் பின்சுவரில்தான் வழி வைத்திருந்தேன்.

அப்படியும் நேற்று ஏதோ சத்தத்துக்கு மிரண்டு வேலியில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டது. இன்னொரு தடவை மோதினால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது மறைவும் போயிற்று.

செடியை மட்டம் பார்க்கும் கம்போடு மரகதம் நின்றாள். பதினாறு வருஷம் கொழுந்து கிள்ளியவள். இப்போது இங்கே தீனி வைக்கிறாள். கேளையாட்டைக் குட்டியிலிருந்து பால்புட்டி கொடுத்து வளர்த்தவளும் அவள்தான்.

“ஏனுங்க மரகதம், செடியக் கண்டா உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?” கத்தியே விட்டேன்.

அவள் உள்ளே போய் நிரையில் மெல்ல நடக்க ஆரம்பித்தாள்.

கூட்டம் வந்தது. மான் எங்கே, மான் எங்கே என்று ஒரே கூச்சல். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

குனிந்து பார்த்தேன்.

இலைக்கு அடியில், நிழலில், கேளையாடு படுத்திருந்தது. ஹாரனுக்குக் காது விறைத்தது. கண் மரகதத்தின் கால்களைத் தேடியது. பார்த்தது. காதைத் தொங்கவிட்டு மறுபடி அசைபோட்டது.

திரும்பினால், கூட்டம் மொத்தமும் என் பக்கத்தில் குத்தவைத்திருந்தது. கூச்சல் நின்றிருந்தது.

மத்தியானம் வரைபடத்தில் பின்சுவர் வழியை அடித்துவிட்டு, நிரைக்கு நடுவே இரண்டு கால்களை வரைந்து மரகதத்திடம் காட்டினேன். வெட்கமாக இருந்தது.

சிரித்தாள். “எம் பொண்ணயும் இப்படித்தானுங்க செடிக்கடியில படுக்கப் போட்டுட்டுக் கொழுந்து கிள்ளுவேன். என் காலு தெரிஞ்சாப் போதும், அழவே மாட்டா.”

“இப்ப எங்கிருக்கா?”

“திருப்பூர்ல, பனியன் கம்பெனிங்க. எஸ்டேட்ட மூடுன வருசம் போனா.”

தீனிக்கூடையை எடுத்துக்கொண்டாள்.

“மொத மாசம் பூரா போன்ல ஒரே அழுகைங்க.”