நீங்கதான?

வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அதையும் இந்த கேம் டவுன்லோடே தின்றுவிடும் போலிருந்தது. காலையிலிருந்து இழுபறியாய் வந்து பாதியில் நின்றது. செந்தூர்பாண்டி அலுப்போடு எழுந்து ரவுட்டரை அணைத்துப் போட்டான். உடனே உள்ளறையிலிருந்து அவன் மனைவி பொன்மலர் கேட்டாள்: “நீங்கதான?”

“நான்தான். நெட் ஸ்லோவா இருக்கு.”

அவள் எதிரே, தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்த போனில், ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அவளுடைய அப்பாவின் மார்பு தெரியும். அவள் அண்ணன் வீடியோ காலைத் துண்டிக்காமல் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள். நெட் போனால் படம் உறைந்துவிடும்.

ரவுட்டரை ஃப்ரிட்ஜ் மேல் மாற்றினான். “நீங்கதான?” கேபிளைப் பிடுங்கி மாட்டினான். “நீங்கதான?”

“நான்தான், நான்தான்!” என்று எரிந்து விழுந்தான்.

ஒருவழியாக வேகம் பிடித்தது. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான்.

“நீங்கதான?”

அவன் எதையும் தொடவில்லை. ரவுட்டரில் எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. டவுன்லோடு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, நீங்கதான?”

“நான்தான்” என்றான். எழுந்து உள்ளே போகத்தான் கால் வரவில்லை.